பழைய எந்திரத்துக்குப் புதுப் பெட்டி!

உடைந்தது கூடுதான், உயிர் உள்ளே இருக்கிறது

ஒரு வீடு இடிந்துவிட்டது. குடியிருந்தவர்கள் நலமாக இருக்கிறார்கள். என்ன செய்வோம்? வீட்டைத் திரும்பக் கட்டுவோம். "வீடு போய்விட்டது. இனிக் குடும்பமும் வேண்டாம்" என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள்.

ஆனால், எந்திரங்கள் விஷயத்தில் மனிதர்கள் அப்படித்தான் நடந்துகொள்கிறார்கள். மேல் பெட்டி உடைந்தால் போதும். உள்ளே இருக்கும் நல்ல எந்திரத்தையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். உறை கிழிந்ததற்காக வாளை எறிவது போல!

இது சரியா? சரி இல்லை என்பது என் கருத்து. அதை ஒரு பழைய ஆம்ப்ளிபயரை வைத்துச் சொல்லப் போகிறேன். அது அமெரிக்காவில் பிறந்தது. 60 வயது தாண்டியது. இன்னும் பாடுகிறது. அதன் பெட்டி மட்டும் போய்விட்டால் என்ன செய்வது? அதுதான் கேள்வி.

பாஸ் கிட்டார்

மேல்நாட்டு இசைக்குழுக்களில் "டபிள் பாஸ்" என்று ஒரு வாத்தியம் உண்டு. பார்ப்பதற்குப் பெரிய பிடில் போல இருக்கும். ஓர் ஆள் உயரம் இருக்கும். அதைத் தரையில் நிறுத்தி, பக்கத்தில் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும்.

அதன் நாதம் கனமானது. ஆனால், தூரத்துக்குக் கேட்காது. பக்கத்தில் டிரம் முழங்கினால் அமுங்கிப் போகும். அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவதும் பெரும்பாடு.

கலிபோர்னியா மாகாணத்தில் புல்லர்ட்டன் என்ற ஊர் இருக்கிறது. அங்கே லியோ பெண்டர் என்பவர் 1938ல் ரேடியோ பழுது பார்க்கும் கடை வைத்தார். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. ஆனால், வாசிக்கிறவர்களின் கஷ்டம் தெரியும்.

1951ல் அவர் ஒரு வாத்தியத்தை வெளியிட்டார். பெயர், "பிரிசிஷன் பாஸ்". தோளில் மாட்டிக்கொண்டு வாசிக்கக்கூடிய மின்சார பாஸ் கிட்டார் அது. அவருக்கு முன்பே சிலர் மின்சார பாஸ் செய்து பார்த்தது உண்டு. ஆனால், உலகம் முழுவதும் பரவியது பெண்டரின் பாஸ்தான்.

வாத்தியம் மட்டும் இருந்தால் போதுமா? மின்சார கிட்டாரின் தந்தியைச் சுண்டினால், அருகில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காது. அந்தச் சின்ன அதிர்வை மின்சாரமாக மாற்றி, அதைப் பெரிதாக்கி, ஸ்பீக்கருக்கு அனுப்ப வேண்டும். பெரிதாக்குகிற எந்திரத்துக்குத்தான் ஆம்ப்ளிபயர் என்று பெயர்.

1952ல் பெண்டர் அதையும் செய்தார். அதன் பெயர் "பாஸ்மேன்".

தலை வேறு, உடல் வேறு

முதலில் வந்த பாஸ்மேனில் எந்திரமும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருந்தன. 1961ல் இரண்டையும் பிரித்தார்கள். எந்திரத்துக்குத் தனிப் பெட்டி. ஸ்பீக்கருக்குத் தனிப் பெட்டி. சிறிய எந்திரப் பெட்டியைப் பெரிய ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார வைப்பார்கள். ஆகவே, எந்திரப் பெட்டிக்குத் "தலை" என்று பெயர் வந்தது.

நாம் பேசுவது இந்தத் தலையைப் பற்றித்தான்.

இந்த எந்திரம் சாதாரணமானது அல்ல. லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவர் டிரம் கடை வைத்திருந்தார். 1962, 63ல் அவருடைய பட்டறையில் முதல் மார்ஷல் ஆம்ப்ளிபயரைச் செய்தார்கள். அதற்கு முன்மாதிரியாக வைத்துக்கொண்டது ஒரு பாஸ்மேனைத்தான். மார்ஷல் ஆம்ப்ளிபயர் பிறகு ராக் இசையின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதன் மூதாதை பாஸ்மேன்!

1965 ஜனவரியில் பெண்டர் தம் கம்பெனியை சி.பி.எஸ். என்ற பெரிய நிறுவனத்துக்கு விற்றார். விலை 1 கோடியே 30 லட்சம் டாலர். அதற்கு முன்பு செய்த பொருள்களுக்கு இன்று தனி மதிப்பு உண்டு. இசைக்காரர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

பெட்டி ஏன் கெடுகிறது?

எந்திரம் நன்றாக இருக்கிறது. பெட்டி மட்டும் ஏன் கெட்டுப்போகிறது? காரணம் இருக்கிறது.

அடிகளை எல்லாம் வாங்குவது பெட்டிதானே! வண்டியில் ஏற்றும்போது இடிபடுகிறது. இறக்கும்போது விழுகிறது. மேடையில் கால் பட்டு உதைபடுகிறது. மேலே வைத்த பானம் கொட்டுகிறது. கச்சேரி முடிந்தால், ஈரமான நிலவறையில் பல ஆண்டு கிடக்கிறது. பசை விட்டுப்போகிறது. பலகை வளைகிறது. மேலுறை உரிகிறது.

இன்னொரு காரணம் அதிர்ச்சி. பாஸ் கிட்டாரில் மிகத் தடித்த தந்தி ஒரு வினாடிக்கு 41 தடவை அதிர்கிறது. சாதாரண கிட்டாரின் தடித்த தந்தி 82 தடவை அதிர்கிறது. அதிர்வு குறையக் குறைய ஸ்தாயி இறங்கும். ஆகவே, பாஸ் கிட்டாரின் நாதம் நெஞ்சையே உலுக்கும். அப்படி உலுக்குகிற ஸ்பீக்கர் பெட்டியின் மேல்தான் தலை உட்கார்ந்திருக்கிறது. இரவுக்கு இரவு அது குலுங்குகிறது. 60 ஆண்டு குலுங்கினால் எந்தப் பலகைதான் தாங்கும்?

சிலர் பெட்டியை வேண்டுமென்றே கழற்றிப் போட்டதும் உண்டு. "எந்திரத்தை வேறு பெட்டியில் வைத்துக்கொள்கிறேன்" என்று எடுப்பார்கள். பிறகு மறந்துவிடுவார்கள். எந்திரம் மட்டும் அட்டைப் பெட்டியில் கிடக்கும்.

உள்ளே யார் இருக்கிறார்?

அந்த எந்திரத்தைத் திறந்து பார்த்தால் என்ன தெரியும்?

இரும்புத் தகட்டால் ஆன ஒரு சட்டம். அதற்கு சேஸிஸ் என்று பெயர். அதில் இரண்டு மூன்று கனமான டிரான்ஸ்பார்மர்கள். கண்ணாடிக் குழாய் போன்ற வால்வுகள். பழைய ரேடியோவில் நம் தாத்தாக்கள் பார்த்திருப்பார்களே, அதே இனம். ஒயர்கள் எல்லாம் கையால் ஈயம் வைத்துப் பற்றவைத்தவை.

அந்த வேலையைச் செய்தவர்களில் பெண்கள் அதிகம். அக்காலத்துப் பெண்டர் ஆம்ப்ளிபயர்கள் பலவற்றில், சேஸிசுக்குள்ளே ஒரு துண்டுக் காகித நாடா ஒட்டியிருக்கும். அதில் ஒரு பெண்ணின் பெயர் எழுதியிருக்கும். "இதைப் பற்றவைத்தது நான்" என்று அர்த்தம்.

அந்தப் பெயர் விளம்பரத்தில் வரவில்லை. பெட்டியின் முகப்பில் இருந்தது முதலாளியின் பெயர்தான். ஆனால், உள்ளே தொழிலாளியின் பெயர் இருக்கிறது. 60 ஆண்டு கழித்தும் அவர் பற்றவைத்த ஈயம் விடவில்லை.

பலகை உடைந்தது என்பதற்காக அந்தக் கைவேலையைக் குப்பையில் போடலாமா? நீங்களே சொல்லுங்கள்.

புதிது வாங்கினால் என்ன?

"இவ்வளவு பாடு எதற்கு? புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டால் போகிறது" என்று சிலர் சொல்வார்கள்.

அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இப்போது வரும் பாஸ் ஆம்ப்ளிபயர்கள் மிகச் சிறியவை. இரண்டு மூன்று கிலோதான் எடை. தோள் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால், 500 வாட் சக்தி! பழைய பாஸ்மேன் தலைக்கு சுமார் 50 வாட்தான். முதுகு வலி உள்ள இசைக்காரர் புதியதை வாங்கினால், அவரைக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால், ஒன்றை யோசித்துப் பாருங்கள். புதியது கெட்டால் என்ன ஆகும்? அதன் உறுப்புகள் கடுகுக்குச் சமம். எந்திரக் கையால் ஒட்டியவை. ஒன்று போனாலும் பலகையையே மாற்ற வேண்டியிருக்கும். அந்தப் பலகையைக் கம்பெனி நிறுத்திவிட்டால் கதை முடிந்தது.

பழையது அப்படி அல்ல. ஒரு வால்வு போனால் பிடுங்கிவிட்டு வேறு வால்வு போடலாம். வால்வுகளை இன்றும் ரஷ்யாவிலும், சீனாவிலும், ஸ்லோவாக்கியாவிலும் செய்கிறார்கள். ஒரு கண்டென்சர் போனால் அதை மட்டும் மாற்றலாம். எந்த ஒயர் எங்கே போகிறது என்பதற்கு வரைபடம் கிடைக்கிறது. தொழில் தெரிந்த எந்த மெக்கானிக்கும் அதைச் சரிசெய்வார்.

எல்லா உறுப்பையும் மாற்றலாம் என்றால், பெட்டியை மட்டும் ஏன் மாற்றக்கூடாது? பெட்டியும் ஓர் உறுப்புதானே! மிருதங்கத்தில் தோல் கிழிந்தால் கட்டையை எறிவது இல்லை. புதுத் தோல் மூட்டி வாசிக்கிறார்கள். அங்கே மரம் நிற்கிறது, தோல் மாறுகிறது. இங்கே உள்ளிருப்பது நிற்கிறது, மரம் மாறுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மரத்தில் மந்திரம் இல்லை

இன்னொரு கட்சி உண்டு. அவர்கள் பழம்பொருள் பிரியர்கள். "பழைய மரம்தான் வேண்டும். புது மரத்தில் பழைய நாதம் வராது" என்பார்கள்.

இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஸ்பீக்கர் இருக்கிற பெட்டியின் கதை வேறு. அந்தப் பெட்டிக்குள் இருக்கும் காற்றும் சேர்ந்து வேலை செய்கிறது. பெட்டியின் அளவு மாறினால் நாதம் மாறும். பலகையின் கனம் மாறினாலும் மாறும். அங்கே அவர்கள் சொல்வது சரி.

தலைப் பெட்டியில் ஸ்பீக்கரே இல்லை. சத்தம் அங்கிருந்து வரவில்லை. மின்சாரம் ஒயர் வழியாகக் கீழே போகிறது. அப்படி இருக்க, மேலே உள்ள பலகை எந்த மரமாக இருந்தால் என்ன? தலைப் பெட்டிக்கு நாலு வேலைகள்தான். எந்திரத்தைத் தாங்க வேண்டும். கைபடாமல் காக்க வேண்டும். சூடு வெளியே போக வழிவிட வேண்டும். வெளி இரைச்சல் உள்ளே வராமல் தடுக்க வேண்டும். இந்த நாலையும் செய்கிற பெட்டி நல்ல பெட்டி. செய்யாத பெட்டி, பழைய பெட்டியாகவே இருந்தாலும், கெட்ட பெட்டி!

பெட்டி செய்யும் விதம்

தச்சு வேலை தெரிந்தவருக்கு இது மலையைப் பெயர்க்கும் வேலை அல்ல. ஆனால், கவனம் வேண்டும்.

முதல் விதி: பழைய பெட்டியைப் பார்த்து அளவு எடுக்காதீர்கள். அது வளைந்திருக்கும், சுருங்கியும் இருக்கும். எந்திரத்தை அளந்து எடுங்கள். உடம்பை அளந்துதானே சட்டை தைக்க வேண்டும்! பழைய சட்டையை அளந்தால், அதன் கோணல் புதிதிலும் வரும்.

இரண்டாவது, மரம். பெண்டர் தொழிற்சாலையில் பைன் மரத்தைப் பயன்படுத்தினார்கள். முக்கால் அங்குலக் கனம். இன்றும் அதையே போடலாம். நன்றாகக் காய்ந்த பலகையாக இருக்க வேண்டும். பெரிய கணு இருக்கக்கூடாது. சிலர் பிர்ச் மரத்து ஒட்டுப்பலகையைப் போடுகிறார்கள். அதுவும் உறுதியானது. எடை மட்டும் கூடும்.

மூன்றாவது, மூலை. இதுதான் உயிர்நிலை. ஏன் தெரியுமா? பெண்டர் தலையில் எந்திரம் கீழே உட்கார்ந்திருப்பது இல்லை. மேல் பலகையிலிருந்து தலைகீழாகத் தொங்குகிறது! மேலே இருந்து போல்ட்டு போட்டு முடுக்கியிருப்பார்கள். வால்வுகள் வௌவால் போலத் தொங்கும். டிரான்ஸ்பார்மர்களின் முழுப் பாரமும் மேல் பலகையில் விழுகிறது. மேல் பலகையை மூலைகள்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

ஆகவே, வெறும் ஆணி அடித்தால் போதாது. இரண்டு கை விரல்களையும் கோத்துக்கொள்வது போல, ஒரு பலகையின் பற்கள் மற்றொரு பலகையின் பற்களுக்கு இடையே போய் உட்கார வேண்டும். பசை பூசி இறுக்க வேண்டும். பழைய தொழிற்சாலைப் பெட்டிகளிலும் இதே பூட்டுதான்.

பசை காய்வதற்கு முன்பு ஒரு சோதனை செய்யுங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக அளந்து பாருங்கள். பிறகு மற்ற இரண்டு மூலைகளையும் அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் பெட்டி நேராக இருக்கிறது. இல்லாவிட்டால் கோணல். காய்ந்த பிறகு அழுது பயன் இல்லை.

நாலாவது, மேலுறை. ரெக்ஸின் போன்ற துணி. இதற்கு டோலெக்ஸ் என்று பெயர். ஓரங்களை உருண்டையாக இழைத்து, உப்புத்தாள் தேய்த்த பிறகு இதை ஒட்ட வேண்டும். துணிக்கும் கனம் உண்டு என்பதை மறக்கக்கூடாது. உள்ளே மடித்து ஒட்டும் இடத்தில் அந்தக் கனம் இடத்தை அடைக்கும். அதற்கும் சேர்த்து முதலிலேயே இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால், பெட்டி அழகாக இருக்கும். எந்திரம் உள்ளே போகாது!

ஐந்தாவது, தகடு. மேல் பலகையின் உள்பக்கம் அலுமினியத் தகடோ மெல்லிய தாளோ ஒட்ட வேண்டும். தொங்குகிற சேஸிசின் திறந்த பக்கம் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் இருக்கிறது. தகடு அதற்கு மூடி. சேஸிசின் விளிம்பு அந்தத் தகட்டில் நன்றாகப் படிய வேண்டும். மூடி இல்லாவிட்டால் "கொய்ங்" என்ற இரைச்சல் வரும். சில சமயம் ரேடியோ நிலையமே கேட்கும்!

கடைசியாக, காற்று. வால்வு விளக்கு போலச் சுடும். பின்பக்கம் முழுவதையும் பலகை போட்டு அடைத்துவிட்டால், எந்திரம் உள்ளேயே வெந்துபோகும். பழைய பெட்டியில் எங்கே இடைவெளி இருந்ததோ, அங்கே புதிதிலும் இடைவெளி இருக்க வேண்டும்.

ஒன்று சொல்ல வேண்டும். எல்லாத் தலைக்கும் ஒரே விதமான பெட்டி கிடையாது. ஆம்பெக் என்ற கம்பெனி 1960ல் "போர்ட்டாபிளெக்ஸ்" என்று ஒரு பாஸ் ஆம்ப்ளிபயரைக் கொண்டுவந்தது. அதில் எந்திரம் ஸ்பீக்கர் பெட்டியின் மூடியிலேயே பொருத்தியிருக்கும். கச்சேரி முடிந்ததும் மூடியைக் கவிழ்த்தால், எந்திரம் பெட்டிக்குள் போய்விடும். அதே கம்பெனி 1969ல் 300 வாட் தலை ஒன்றைச் செய்தது. அதில் 14 வால்வுகள்! அந்தப் பாரத்துக்குத் தக்க பலகை போட வேண்டும். எந்த எந்திரமோ, அதற்கு ஏற்ற பெட்டி.

உயிரோடு விளையாடாதீர்கள்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து இரண்டு தடவை படியுங்கள்.

வால்வு ஆம்ப்ளிபயருக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் மின்சாரம் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். உள்ளே உள்ள பெரிய கண்டென்சர்கள் மின்சாரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அடிக்கும். ஆளையே கொல்லும். எந்திரத்தைப் பெட்டியிலிருந்து வெளியே எடுப்பதும், திரும்ப மாட்டுவதும் தொழில் தெரிந்தவர் வேலை. தச்சர் பெட்டியைச் செய்யட்டும். சேஸிஸை மெக்கானிக் தொடட்டும்.

இரண்டாவது ஆபத்து, கல்நார். அக்காலத்து ஆம்ப்ளிபயர்கள் சிலவற்றில், வால்வுக்கு அருகே உள்ள பின்பலகையில் ஒரு வெள்ளைத் தகடு அடித்திருக்கும். சூடு தாங்குவதற்காக வைத்தது. அது ஆஸ்பெஸ்டாஸ். அதைச் சுரண்டினாலும், உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாலும் தூள் பறக்கும். அந்தத் தூள் நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் வரலாம். ஆகவே, பழைய பெட்டியில் அப்படித் தகடு இருந்தால் அதில் கை வைக்காதீர்கள். அதை அகற்றத் தெரிந்தவர்களிடம் விட்டுவிடுங்கள்.

மூன்றாவது, பிளக். 1960களில் வந்த பல ஆம்ப்ளிபயர்களில் இரண்டு கம்பிப் பிளக்தான் இருந்தது. எர்த் கிடையாது. பாடகர் மைக்கில் வாயை வைத்துக்கொண்டு கிட்டாரையும் தொட்டால் ஷாக் அடிக்கும். மூன்று கம்பிப் பிளக்காக மாற்றிவிட வேண்டும். "அசல் கெட்டுவிடுமே" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அசலைவிட ஆள் பெரிது.

பெட்டியை மாற்றும் நேரம்தான் இவை எல்லாவற்றையும் சரிபார்க்கும் நேரம்.

பொய் சொல்லக்கூடாது

புதுப் பெட்டி செய்வது நல்லது என்றேன். அதில் ஒரு நிபந்தனை உண்டு. புதியதைப் பழையது என்று சொல்லி விற்கக்கூடாது.

முழுவதும் அசலாக இருக்கும் ஆம்ப்ளிபயருக்குச் சந்தையில் விலை அதிகம். ஆகவே, ஆசை வரும். புதுப் பெட்டியைச் சுரண்டி, புகை காட்டி, அழுக்கேற்றி, "இது 1964ல் செய்தது" என்று சொல்லத் தோன்றும். அது மோசடி. வாங்குகிறவருக்கு நஷ்டம். நல்ல தச்சருக்கும் அவமானம். பொய் வெளிப்பட்டால், புதுப் பெட்டி என்றாலே மோசடி என்று உலகம் நினைக்கும்.

மோசடியைத் தடுக்க ஓர் எளிய வழி இருக்கிறது. பெண்டர் தொழிற்சாலையே அந்த வழியைக் காட்டியிருக்கிறது.

பெட்டிக்குள்ளே ஒரு தாள் ஒட்டியிருப்பார்கள். எந்த இடத்தில் எந்த வால்வு என்று அதில் அச்சிட்டிருக்கும். ஓரத்தில் இரண்டு எழுத்து முத்திரை இருக்கும். முதல் எழுத்து ஆண்டைக் குறிக்கும். இரண்டாவது எழுத்து மாதத்தைக் குறிக்கும். "ஏ" என்றால் 1951. "பி" என்றால் 1952. இப்படியே வரிசையாகப் போகும். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தால், எந்திரம் எப்போது பிறந்தது என்று தெரிந்துவிடும்.

அந்தத் தாளைக் கிழிக்காதீர்கள். பலகையோடு அறுத்தாவது எடுத்துப் பத்திரமாக வையுங்கள். புதுப் பெட்டிக்குள் இன்னொரு தாள் ஒட்டுங்கள். "எந்திரம் இந்த ஆண்டு செய்தது. பெட்டி இந்த ஆண்டு செய்தது. செய்தவர் இன்னார்" என்று எழுதுங்கள். பெண்கள் காகித நாடாவில் எழுதி வைத்தார்களே, அது போல! தச்சரும் தம் பெயரைப் பென்சிலால் பலகையில் எழுதட்டும். இன்னும் 60 ஆண்டு கழித்துத் திறந்து பார்ப்பவருக்கு இரண்டு பெயர்கள் தெரியும். இரண்டு பேரும் பொய் சொல்லாதவர்கள் என்பதும் தெரியும்.

பழைய பெட்டி அடியோடு நொறுங்காமல் இருந்தால் வேறு விஷயம். பசை விட்டிருந்தால் ஒட்டலாம். மேலுறை மட்டும் கிழிந்திருந்தால் அப்படியே விடலாம். கிழிசல் ஒரு குற்றம் அல்ல. சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்வது முதல் கடமை. முடியாதபோதுதான் புதியது.

குப்பை மலை

"ஒரு கிட்டார்ப் பெட்டிக்கு இவ்வளவு பேச்சா?" என்று நீங்கள் நினைக்கலாம்.

பேச்சு பெட்டியைப் பற்றி மட்டும் அல்ல. உலகத்தில் மின்சாரச் சாமான் குப்பை மலையாகக் குவிகிறது. 2022ல் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் குப்பை சேர்ந்தது என்று ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறியது. அதில் முறையாகச் சேகரித்து மறுபடியும் பயன்படுத்தியது 22.3 சதவீதம்தான். மீதி எங்கே போயிற்று? மண்ணிலும், தண்ணீரிலும், நெருப்பிலும் போயிற்று.

மேல்நாட்டு அரசாங்கங்களும் இதை உணரத் தொடங்கியிருக்கின்றன. நியூயார்க் மாகாணம் 2022ல் ஒரு சட்டத்தை நிறைவேற்றியது. எலெக்ட்ரானிக் சாமான்களைப் பழுது பார்க்க வேண்டிய உறுப்புகளையும், குறிப்புகளையும் கம்பெனிகள் மற்றவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். 2023ல் கலிபோர்னியாவும் அப்படி ஒரு சட்டம் செய்தது. 2024ல் ஐரோப்பிய யூனியனும் செய்தது. பழுது பார்ப்பது மக்களின் உரிமை என்ற எண்ணம் வளர்ந்து வருகிறது.

வேடிக்கையைப் பாருங்கள்! அதே கலிபோர்னியாவில், 60 ஆண்டுக்கு முன்பு செய்த ஆம்ப்ளிபயருக்கு எந்தச் சட்டமும் தேவைப்படவில்லை. திருகாணியைக் கழற்றினால் திறந்தது. உள்ளே எந்த வால்வு எங்கே என்று தாள் ஒட்டியிருந்தது. ரேடியோ பழுது பார்த்தவர் செய்த எந்திரம் அல்லவா? பழுது பார்ப்பவரின் கஷ்டம் அவருக்குத் தெரிந்திருந்தது. இன்று சட்டம் போட்டுக் கேட்பதை, அன்று அவர் கேளாமலே கொடுத்தார்.

செய்ய வேண்டியது என்ன?

பழையது எல்லாம் பொன் அல்ல. புதியது எல்லாம் குப்பையும் அல்ல. எது உழைக்கிறதோ, அதைக் காப்பாற்ற வேண்டும். எது ஆபத்தோ, அதை மாற்ற வேண்டும். எது மாறியதோ, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மூன்றும் தெரிந்தால் போதும்.

லியோ பெண்டர் 1991ல் காலமானார். சேஸிசுக்குள் பெயர் எழுதிய பெண்களில் பலர் இன்று இல்லை. ஆனால், அவர்கள் செய்த எந்திரங்கள் இன்னும் மேடை ஏறுகின்றன. அவை ஏறுவதற்குத் தேவை என்ன? நாலு பலகை, கொஞ்சம் பசை, ஒரு கைப்பிடி, ஒழுங்காக வேலை செய்கிற ஒரு தச்சர். அவ்வளவுதான்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது இருக்கும். மூடி உடைந்த தையல் மெஷினாக இருக்கலாம். கூடு விரிந்த ரேடியோவாக இருக்கலாம். காயலான் கடைக்குப் போடுவதற்கு முன்பு, அதை ஒரு தடவை தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். "உள்ளே நன்றாக இருக்கிறதா?" என்று கேளுங்கள்.

"நன்றாக இருக்கிறது" என்று அவர் சொன்னால், தச்சரைக் கூப்பிடுங்கள்!